உக்ரைன் அகதிகளுக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படையெடுப்பு தொடங்கிய சில நாட்களுக்குள், போலந்தின் மெடிக்கா எல்லைச் சாவடியின் ஓரத்தில் பழைய துணிகள் மலைபோல் குவிந்துவிட்டன. அனுப்பியவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனால் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் ஒரே ஒரு பையுமாகக் குளிரில் நின்ற தாய்க்கு, அந்தக் குவியலைக் கிளறித் தன் அளவுக்கு ஏற்ற உடையைத் தேடுவதற்கு நேரமும் இல்லை, எடுத்தாலும் சுமந்து செல்ல வலுவும் இல்லை. அவருக்கு அப்போது வேண்டியிருந்தவை சூடான ஏதேனும் ஒரு பானம், குழந்தைக்கு டயாபர், கைப்பேசிக்குச் சார்ஜ், அன்றிரவு பயமின்றிப் படுக்க ஓர் இடம்.

கேட்காமலேயே பொருள் அனுப்புவதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். வந்து சேரும் ஒவ்வொரு பெட்டியையும் யாரோ ஒருவர் பிரித்து, ஆண், பெண், குழந்தை, அளவு என வகைப்படுத்தி அடுக்க வேண்டும். கடுங்குளிரில் வந்து சேர்ந்த மெல்லிய கோடைச் சட்டையும், பாதி தீர்ந்த மாத்திரை அட்டையும், உள்ளூர் மருத்துவர் படிக்க முடியாத மொழியில் எழுதப்பட்ட மருந்துப் புட்டியும் அந்தத் தன்னார்வலரின் ஒரு நாள் உழைப்பை விழுங்கிவிடும். ஐக்கிய நாடுகளின் அகதிகள் முகமை உள்ளிட்ட பெரிய அமைப்புகள் உக்ரைனியக் குடும்பங்களுக்குப் பெருமளவில் பணமாகவே உதவியதற்குத் தக்க காரணம் உண்டு. எல்லை தாண்டினாலும் கடைகள் திறந்திருந்தன, பொருள்கள் கிடைத்தன, வாங்கத்தான் கையில் காசில்லை. மூட்டுவலி மருந்தா, பள்ளிப் புத்தகமா, வீட்டு வாடகையா என்பதை அந்தக் குடும்பமே தீர்மானிப்பதில் ஒரு மரியாதையும் இருக்கிறது.

எல்லையைத் தாண்டியவர்களை மட்டும் நினைப்பதும் பரவலான தவறு. வெளிநாடுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட உக்ரைனியர்கள் வாழ்கிறார்கள் என்றால், நாட்டுக்குள்ளேயே வீடிழந்து இடம்பெயர்ந்தோர் 30 லட்சத்துக்கும் அதிகம். இவர்களுக்கு அந்நாட்டு அரசு வகுத்த மாத உதவித்தொகை பெரியவர் ஒருவருக்கு 2,000 ஹ்ரிவ்னியா (உக்ரைன் நாணயம்), குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 3,000 ஹ்ரிவ்னியா. பெருநகரத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுக்க இது போதாது. 2022 அக்டோபரில் மின் நிலையங்கள் மீது தொடர் தாக்குதல்கள் ஆரம்பமான பிறகு, ஒவ்வொரு குளிர்காலமும் இவர்களுக்குப் புதிய சோதனையாகிவிட்டது. 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை உடைந்தபோது, போரால் ஏற்கெனவே நொந்திருந்த கெர்சோன் பகுதி மக்களின் வீடுகளுக்குள் வெள்ளமும் புகுந்தது. முதல் மாதத்தின் பரபரப்பில் ஒரே தவணையாகக் கொடுத்துவிட்டு மறந்துபோவதைவிட, சிறிய தொகையை மாதந்தோறும் கொடுப்பது இவர்களுக்கு அதிகம் பயன்படும்.

"பெற்றோரில்லாத ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாமா?" என்று கேட்பவர்களின் கனிவை மதிக்கிறேன், ஆனால் அதைச் செய்யக் கூடாது. போருக்கு முன் உக்ரைனின் காப்பகங்களில் இருந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தார்கள். வறுமை, நோய், குழந்தையின் ஊனம் ஆகிய காரணங்களால் பிரிந்திருந்தார்கள். போர்க் குழப்பத்தில் யாருடைய குழந்தை யார் என்பதே தெளிவாகாது என்பதால், வெளிநாட்டுத் தத்தெடுப்பை உக்ரைன் அரசு 2022-இலேயே நிறுத்தி வைத்தது. பிரிந்த குடும்பங்களைத் தேடி இணைக்கும் பணிக்குக் கொடுப்பதே இங்கே சரியான உதவி.

வீட்டில் இடம் கொடுப்பவர்கள் எத்தனை மாதம் என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். பிரிட்டன் தன் திட்டத்தில் குறைந்தது 6 மாதம் என்று வைத்ததும் இதனால்தான். பாதியில் வெளியேறச் சொன்னால் அந்தக் குடும்பம் இரண்டாம் முறை வீடிழக்கிறது. 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களில் பெரும்பாலோர் நாட்டை விட்டு வெளியேறத் தடை இருந்ததால், வந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமே. எனவே பதிவு செய்யாத ஓட்டுநரோ வீட்டுக்காரரோ நேரடியாக அவர்களை அழைத்துச் செல்வது ஆட்கடத்தலுக்கு வழி திறந்துவிடும். நல்லெண்ணம் உள்ளவர்களும் முறைப்படி பதிவு செய்துகொண்டுதான் உதவ வேண்டும்.

பணம் அனுப்புமுன் அமைப்பின் பதிவு, கணக்கறிக்கை, முந்தைய பணிகள் ஆகியவற்றைப் பாருங்கள். போர் மூண்டதும் போலி நன்கொடைத் தளங்களும் கிரிப்டோ முகவரிகளும் முளைத்தன. உணர்ச்சியைத் தூண்டி உடனே அனுப்பச் சொல்லும் செய்தியை ஒரு நாள் தள்ளி வைத்தால் எதுவும் கெட்டுவிடாது.

மரியுபோல், கார்கிவ் பகுதிகளிலிருந்து வந்த பலர் வீட்டில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்தவர்கள். அதை வைத்து அவர்களைச் சந்தேகிப்பது, குண்டுக்குத் தப்பி வந்தவரை மறுபடியும் காயப்படுத்துவதாகும். அவர்களுடைய படத்தையும் பெயரையும் சொந்த ஊரையும், அனுமதியின்றி இணையத்தில் வெளியிடவும் வேண்டாம். ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில் அவருடைய தாயோ தம்பியோ இன்னும் இருக்கக்கூடும், அந்த ஒரு படமே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடலாம்.