பிரஷர் மாத்திரையின் பெயரைக் கடைசியிலிருந்து படியுங்கள்

மருந்தாளுநராக நான் அடிக்கடி காண்பது இது: கால் வீங்கியது, இருமல் வந்தது என்று ரத்த அழுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு வருகிறார்கள். மாத்திரை உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்திருந்தால், நிறுத்தாமல் மருத்துவரிடம் போயிருப்பார்கள்.

அட்டையைத் திருப்புங்கள். பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர், அது வேண்டாம். சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள்.

'டிபின்' என்று முடிந்தால் (அம்லோடிபின், சில்னிடிபின்) அது கால்சியம் தடுப்பான். ரத்தக் குழாய்ச் சுவரின் தசை சுருங்கக் கால்சியம் உள்ளே போக வேண்டும். அந்த வழியை மருந்து அடைப்பதால் தமனிகள் தளர்கின்றன. தமனி விரியும் அளவுக்குச் சிரை விரிவதில்லை. நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது. மாலையில் கணுக்கால் வீங்குவது இதனால்தான். உடம்பில் நீர் கூடியதால் வந்த வீக்கம் அல்ல என்பதால் சிறுநீர் மாத்திரைக்கு இது அவ்வளவாக அடங்காது. அளவைக் குறைத்தோ, அடுத்து நான் சொல்லும் 'பிரில்', 'சார்டான்' வகைகளில் ஒன்றைச் சேர்த்தோ மருத்துவர் சரிசெய்வார். இதயமோ சிறுநீரகமோ பழுதானாலும் கால் வீங்கும். ஆகவே காரணத்தை நீங்களே முடிவுசெய்யாதீர்கள்.

'பிரில்' என்று முடிபவை எனாலபிரில், ராமிபிரில் போன்றவை. குழாய்களை இறுக்கி, உப்பையும் பிடித்துவைக்கச் செய்யும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருளை நம் உடம்பே தயாரிக்கிறது. அதை உண்டாக்கும் நொதியை இவை முடக்குகின்றன. இந்த வகையில் முதலில் வந்த மாத்திரையான கேப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது. எனக்கு இன்றும் வியப்பு தரும் செய்தி. அதே நொதிதான் பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கிறது. நொதி முடங்கினால் பிராடிகைனின் தேங்கி, சிலருக்கு வறட்டு இருமலைக் கிளப்பும். இருமல் மருந்து குடித்துப் பயனில்லை. மாத்திரையை மாற்றித் தரக் கேளுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

பெரும்பாலும் அப்படி மாற்றித் தருவது 'சார்டான்' வகையைத்தான்: லோசார்டான், டெல்மிசார்டான். இவை நொதியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டும் இடத்தை மறிக்கின்றன. அதனால் இருமல் அரிது. இரு வகைகளிலும் பொட்டாசியம் ஏறக்கூடும். தொடங்கிய சில வாரங்களில் பொட்டாசியத்துக்கும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே ஆகாது.

சிறுநீர் மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் முக்கியமானவை. உப்பையும் நீரையும் வெளியேற்றும். நாளடைவில் குழாய்களையும் தளர்த்தும். காலையில் சாப்பிட்டால் இரவுத் தூக்கம் கெடாது. முதியவர் திடீரெனக் குழம்பிப் பேசினால் சோடியம் இறங்கியிருக்கலாம். உடனே அழைத்துச் செல்லுங்கள்.

'லால்' என்று முடியும் அட்டெனலால், மெட்டோப்ரோலால் இதயத் துடிப்பின் வேகத்தையும் விசையையும் குறைப்பவை. ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இவை மறைத்துவிடும்; வியர்வையை அடையாளமாகக் கொள்ளுங்கள். எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது, இவற்றைத் திடீரென நிறுத்தவே கூடாது. மார்வலியும் மாரடைப்பும் வரை போகலாம்.

ஒரே அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தால் நோய் முற்றிவிட்டது என்று கலங்க வேண்டாம். ஒரு மருந்தை இரட்டிப்பதைவிட, வெவ்வேறு வழியில் வேலை செய்யும் இரண்டைக் குறைந்த அளவில் சேர்ப்பது பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். ஆனால் ஒரு 'பிரில்', ஒரு 'சார்டான்' இரண்டும் உங்கள் கையில் இருந்தால், இரு மருத்துவர்கள் தனித்தனியே எழுதியிருக்கக்கூடும். விழுங்குவதற்கு முன் கேளுங்கள்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் வாங்கும்போதும் பிரஷர் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். அவை அழுத்தத்தை ஏற்றும். 'பிரில்' அல்லது 'சார்டான்' மாத்திரையோடு சிறுநீர் மாத்திரையும் சாப்பிடுபவரின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடவும் கூடும்.