வழங்கி–ஏற்பி பாலிமர்: காகிதத்தில் தெரியாத தவறுகள்

எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கும் வளையம் (வழங்கி) ஒன்று, அதைப் பிடித்து இழுக்கும் வளையம் (ஏற்பி) ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றிக் கோத்தால் பாலிமரின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் நிரம்பிய உச்ச மட்டத்துக்கும் காலியான அடிமட்டத்துக்கும் உள்ள தூரம்) குறையும். சிவப்பைத் தாண்டிய ஒளியைக்கூட அது உறிஞ்சும். கரிமச் சூரிய மின்கலங்களுக்கும் டிரான்சிஸ்டர்களுக்கும் இன்று செய்யப்படும் பாலிமர்களில் பல இந்த உத்தியில் பிறந்தவையே. புதிதாக ஆய்வுக்கு வருபவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். இடைவெளியைக் குறைப்பதுதான் வடிவமைப்பு என்று நினைத்து, கிடைப்பதிலேயே பலமான வழங்கிக்கும் பலமான ஏற்பிக்கும் ஜோடி சேர்த்துவிடுகிறார்கள்.

பி3எச்டி, பிசிடிடிபிடி என்ற இரண்டு பாலிமர்களைப் பாருங்கள். முன்னது வெறும் தயோஃபீன் சங்கிலி. பின்னதில் கார்பசோல் வழங்கி, பென்சோதயாடயசோல் ஏற்பி. இரண்டின் இடைவெளியும் ஏறத்தாழ 1.9 எலக்ட்ரான் வோல்ட்தான். ஆனால் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் கார்பன் பந்து மூலக்கூறான ஃபுல்லரீனுடன் கலந்து மின்கலம் செய்தால் முன்னது 0.6 வோல்ட் வாக்கில் நின்றுவிடுகிறது, பின்னது 0.9 வோல்ட்டை நெருங்குகிறது. கார்பசோல் அளவாகக் கொடுக்கும் வழங்கி. அதனால் எலக்ட்ரான் நிரம்பிய உச்ச மட்டமான ஹோமோ −5.5 எலக்ட்ரான் வோல்ட் அருகே ஆழத்தில் கிடக்கிறது. பி3எச்டியில் அது −5 பக்கம். மின்கலத்தின் மின்னழுத்தம் பாலிமரின் ஹோமோவுக்கும் ஃபுல்லரீனின் லூமோவுக்கும் (காலியான அடிமட்டம்) உள்ள தூரத்தைப் பொறுத்தது. பலமான வழங்கி ஹோமோவை மேலே தூக்கிவிடும். இடைவெளியோடு மின்னழுத்தமும் குறையும். போதாததற்கு, காற்றில் ஆக்சிஜனேற்றமும் எளிதாகிவிடும்.

2019இல் ஒய்6 என்ற ஏற்பி மூலக்கூறு 15 விழுக்காட்டைத் தாண்டிய திறனுடன் வந்தபோது, அதற்கு ஜோடியாக நின்ற பிஎம்6 பாலிமரின் இடைவெளி 1.8 வாக்கில் இருந்தது. நெடிய அலைநீளங்களை உறிஞ்சும் வேலையை ஒய்6 பார்த்துக்கொண்டது. இணை யார் என்று முடிவு செய்யாமல் பாலிமரை வரையத் தொடங்காதீர்கள்.

ஹோமோ எண்களை இரு கட்டுரைகளிலிருந்து எடுத்து ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். ஒப்பீட்டு அளவுகோலாக வைக்கும் ஃபெரோசீன் சேர்மத்தின் மட்டத்தைச் சிலர் −4.8 என்கிறார்கள், சிலர் −5.1 என்கிறார்கள். நீங்கள் கண்ட 0.3 முன்னேற்றம் அந்தக் கணக்கு வழக்கிலேயே ஒளிந்திருக்கலாம்.

கணினியில் பக்கச் சங்கிலிகளை மீத்தைலாக வெட்டிவிட்டுக் கணக்கிடுவது வழக்கம், நேரம் மிச்சமாகும். குடுவையில் அந்த இடத்தில் 2-எத்தில்ஹெக்சில் என்ற கிளைத்த சங்கிலி வந்து உட்காரும். அதன் கிளை முதுகெலும்பான முதன்மைச் சங்கிலியை ஒட்டியிருந்தால் பக்கத்து வளையம் முறுக்கிக்கொள்ளும், எலக்ட்ரான் ஓடும் பாதை அங்கே குலையும். ஆறு அணு வளையங்களை நேரடியாக இணைத்தாலும் ஹைட்ரஜன்கள் முட்டிக்கொண்டு இதே கதிதான். பிசிடிடிபிடியில் இடையிடையே தயோஃபீன் செருகியிருப்பது இதற்கும் உதவுகிறது. முறுக்கலுக்குப் பயந்து பக்கச் சங்கிலியை ஒரேயடியாகக் குறுக்கினால் பாலிமர் கரையாது. கரையாததைப் படலமாகப் பூச முடியாது.

நான் அதிகம் பட்டது தொகுப்பில்தான். வளையங்களைக் கோக்கும் ஸ்டில்லே வினைக்கு இரு முனையிலும் வெள்ளீயம் கொண்ட தயோஃபீன் மோனோமர் (பாலிமராகக் கோக்கப்படும் சிறு மூலக்கூறு) வேண்டும். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அதைச் சிலிக்கா நிரப்பிய குழாயில் இறக்கினேன். சிலிக்காவின் அமிலத்தன்மை பட்டுச் சில மூலக்கூறுகளில் ஒரு முனை வெள்ளீயம் உதிர்ந்துவிட்டது. அப்படி ஒரு கை இழந்தது சங்கிலியின் நுனியில் போய்ப் பற்றினால் அதற்குமேல் வளர்ச்சி கிடையாது. விளைந்ததைச் கரைப்பான்களால் ஒன்றன்பின் ஒன்றாகக் கழுவும் சாக்ஸ்லெட் கருவியில் வைத்து மெத்தனாலுக்கு அடுத்து அசிட்டோனை ஊற்றினேன். அதுவே அடர்சிவப்பாக இறங்கியது. நீண்ட சங்கிலிகள் குளோரோஃபார்ம் வரை காத்திருக்கும். அசிட்டோனில் வந்தவை குட்டிகள்.

சங்கிலி நீளத்தைக் கணக்கிடும் கரோதர்ஸ் சமன்பாட்டிடம் இரக்கம் எதிர்பார்க்க முடியாது. இரு மோனோமர்களும் சரிசமமாக இருந்து 99 விழுக்காடு வினை நடந்தால் சங்கிலியில் சராசரி 100 அலகுகள். ஒன்று மட்டும் 2 விழுக்காடு குறைந்தால், அதே வினையில் 50. ஆகவே திண்மமாகக் கிடைக்கும் வெள்ளீய மோனோமரைத் தேர்ந்தெடுத்து, மறுபடிகமாக்கிச் சுத்தம் செய்யுங்கள். கையுறை கட்டாயம், டிரைமெத்தில் வெள்ளீயச் சேர்மங்கள் கொடிய நஞ்சு. வினையூக்கியாகப் போட்ட பல்லேடியத்தையும் கழுவி எடுத்துவிடுங்கள், எஞ்சினால் மின்கலத்தையோ டிரான்சிஸ்டரையோ கெடுக்கும்.

நீளத்தை அறை வெப்பநிலையில் அளந்துவிட்டு மகிழ வேண்டாம். சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு பெரிய எண்ணைக் காட்டும். டிரைகுளோரோபென்சீனில் 150 டிகிரி வாக்கில் அளந்தால் அந்த எண் இறங்கிவிடும்.

டிரான்சிஸ்டரிலும் இப்படி ஒரு பொய் உண்டு. மின்னழுத்தத்துக்கு எதிராக மின்னோட்டத்தை வரைந்தால் சில வளைவுகள் தொடக்கத்தில் செங்குத்தாக ஏறிப் பிறகு படுத்துவிடும். செங்குத்துப் பகுதியை மட்டும் எடுத்து மின்னூட்ட நகர்திறனைக் கணக்கிட்டால் அது பல மடங்கு ஊதிப்போகும். மின்வாய் தொடும் இடத்தின் தடை செய்யும் வேலை அது என்று 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். கட்டுரையில் நகர்திறன் எண்ணை மட்டும் கொடுக்காமல், வளைவை முழுதாக அச்சிடுங்கள்.