கருப்பை வாய்த் திசுவில் ஹெச்பிவி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய்க்கு முந்தைய நிலையிலுள்ள திசுவில், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் வைரஸான ஹெச்பிவி 'நெகட்டிவ்' என்று வந்தால், முதலில் டிஎன்ஏ நல்ல நிலையில் இருந்ததா என்று பாருங்கள். திசு ஃபார்மலினில் ஊறிப் பாரஃபின் பிளாக் (மெழுகுக் கட்டி) ஆவதற்குள் டிஎன்ஏ துண்டு துண்டாக நொறுங்கிவிடும். நாள்கணக்கில் ஊறப்போட்டால் இன்னும் மோசம். அதில் போய் சுமார் 450 டிஎன்ஏ எழுத்து நீளத்தைப் பெருக்கும் எம்ஒய்09/11 பிரைமரை (பெருக்க வேண்டிய பகுதியைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) போட்டால், வைரஸ் இருந்தாலும் டிஎன்ஏவைப் பெருக்கித் தேடும் பிசிஆர் சோதனையில் சிக்காமல் போகலாம். 65 எழுத்து போதும் என்கிற எஸ்பிஎஃப்10 இங்கே கைகொடுக்கும். பீட்டா குளோபின் போன்ற மனித மரபணு ஒன்றையும் கூடவே சோதிக்க வேண்டும். அதுவும் வரவில்லையா? அப்படியானால் அது நெகட்டிவ் இல்லை, செல்லாத சோதனை. இன்னொன்று: வைரஸ் நம் குரோமோசோமில் ஒட்டிக்கொள்ளும்போது அதன் எல்1 மரபணுப் பகுதி தொலைந்துபோகலாம்; புற்றுநோயைத் தூண்டும் இ6, இ7 மரபணுக்கள் தங்கிவிடும். எல்1-ஐ மட்டுமே தேடினால் ஏமாற வாய்ப்புண்டு.

பொய்யான பாசிட்டிவுக்கு வழி திறப்பது பெரும்பாலும் மைக்ரோடோம், அதாவது பிளாக்கை மெல்லிசாகச் சீவும் கருவி. ஒரு பிளாக்கைச் சீவிய பிளேடிலேயே அடுத்ததையும் சீவினால், முன்னவரின் துணுக்கு இவருடைய குழாயில் விழும். பிசிஆருக்கு அந்தத் துளியே போதும். பிளேடை மாற்றுங்கள், நடுவில் திசு இல்லாத வெற்றுப் பாரஃபினைச் சீவி அதையும் சோதியுங்கள். அதில் வைரஸ் வந்தால் அன்றைய முடிவுகளை நம்ப முடியாது.

திசுவில் பி16 புரதத்தை நிறமேற்றிக் காட்டும் பி16 ஸ்டெயினை வைரஸ் சோதனை என்று நினைப்பவர்களும் உண்டு. பி16 மனித செல்லின் புரதம். இ7-இன் வேலையால் அது கூடுகிறது, அவ்வளவுதான். எபிதீலியம் என்ற மேற்பரப்புச் செல் அடுக்கின் அடியிலிருந்து இடைவெளியில்லாமல் அடர்த்தியாக நிறம் ஏறினால்தான் பாசிட்டிவ். அங்கங்கே திட்டுத் திட்டாகத் தெரிவதை நெகட்டிவ் என்றே எழுத வேண்டும்.

சரி, ஹெச்பிவி உண்மையிலேயே இருக்கிறது. அதைப் புற்றுநோய் என்று சொல்லிப் பெண்ணைக் கலங்கடிப்பது பெரிய அநியாயம். பெரும்பாலான தொற்றுகள் 2 ஆண்டுகளுக்குள் தானாகவே அடங்கிவிடும். எந்த வகை என்பதும் முக்கியம்: கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 வகைகளே காரணம். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கக் கூடாது. மைக்ரோஸ்கோப்பில் சிஐஎன் 3 (புற்றுநோய்க்கு முந்தைய கடுமையான மாற்றம்) தெளிவாகத் தெரியும்போது, ஹெச்பிவி நெகட்டிவ் என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.