பழைய நாடகத்தை மாணவர்களை நடிக்க வைத்துச் சொல்லித்தரும்போது செய்யும் தவறுகள்

நடிக்க வைத்தால் பாடம் தானாகப் புரிந்துவிடும் என்று நம்பித்தான் நானும் தொடங்கினேன். முதல் வருடம் ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்'. நீ மன்னனாவாய் என்று சூனியக்காரிகள் சொன்னதைக் கேட்டு, தளபதி மேக்பெத் மன்னன் டங்கனைக் கொல்லும் கதை. அட்டைக் கிரீடம், தெர்மாகோல் கோட்டை, வாடகை அங்கி என்று ஏக அமர்க்களம். கைதட்டலுக்கும் குறைவில்லை. அடுத்த வாரம் வகுப்பில், "டங்கனைக் கொல்லத்தான் வேண்டுமா? பட்டம் தானாக வரட்டும் என்று காத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். மேக்பெத்தாக நடித்த பையனே திருதிருவென்று விழித்தான். வசனம் முழுக்க அவனுக்கு மனப்பாடம், ஆனால் அந்தக் கேள்வி ஒத்திகையில் ஒரு நாள்கூட எழவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. ஒத்திகை நேரத்தையெல்லாம் கோட்டைக்குச் சாயம் பூசுவதில் செலவழிக்க விட்டது நான்தான்.

ஆண்டு விழா நாடகம் வேறு, பாடத்துக்காக நடிப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. வகுப்பில் ஒத்திகைதான் பாடம். அரங்கேற்றம் சொதப்பினாலும் பெரிய நஷ்டமில்லை.

அடுத்த தவறு, மூன்று வாரம் வரிக்கு வரி பொருள் சொல்லி முடித்துவிட்டு, கடைசி வாரம் "சரி, இப்போது நடியுங்கள்" என்பது. எல்லாவற்றுக்கும் விடை கொடுத்தாகிவிட்டது, நடித்துக் கண்டுபிடிக்க என்ன மிச்சமிருக்கும்? கதைச் சுருக்கத்தை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு, முதல் நாளே எழுந்து நிற்க வைத்துவிடுங்கள். கொலை முடிந்து மேக்பெத் வெளியே வரும் இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி இதற்கு அருமையாகப் பொருந்தும். அவன் மனைவியும் அவனும் மாறி மாறிப் பேசும் வசனங்கள் அவ்வளவு சின்னவை:

"நீங்கள் பேசவில்லையா?"
"எப்போது?"
"இப்போது."
"நான் இறங்கி வரும்போதா?"
"ஆமாம்."

இதை ஒரு ஜோடி கிசுகிசுத்துப் பேசட்டும். இன்னொரு ஜோடி முதுகோடு முதுகு ஒட்டி நின்று, இடைவெளியே விடாமல் பேசட்டும். பயம் எங்கே கூடுகிறது என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்களே சொல்வார்கள். அப்புறம் மேக்பெத் கையில் இரண்டு ஸ்கேலைக் கொடுங்கள், கத்திக்குப் பதிலாக. ஒரு முறை ஒரு மாணவன் பாதியில் நின்று, "சார், நான் இதை எங்கே வைக்கணும்?" என்று கேட்டான். பிரதியைத் திருப்பிப் பார்த்தோம். மேக்பெத் மேடைக்கு வந்து ஏறக்குறைய முப்பது வரிகள் கழித்துத்தான் அவன் மனைவி, "இந்தக் கத்திகளை ஏன் அங்கிருந்து கொண்டுவந்தீர்கள்?" என்கிறாள். அதுவரை அவள் கண்ணில் படவில்லையா? இருட்டா? அவனே மறைத்துக்கொண்டானா? கையில் ரத்தத்தோடு எதைப் பிடித்திருக்கிறோம் என்று அவனுக்கே நினைவில்லையா? உட்கார்ந்து வாசித்த நான்கு வருடங்களில் இந்தக் கேள்வி என் வகுப்பில் வந்ததே கிடையாது.

மொழி கடினம் என்று முழுக் காட்சியையும் இன்றைய பேச்சில் மாற்றி எழுதச் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மன்னன் முதலாளி ஆவான், சூனியக்காரிகள் கைபேசியில் செய்தி அனுப்புவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். படிக்க வேண்டிய சொற்கள் மட்டும் காணாமல் போயிருக்கும். மாற்றுவதற்குப் பதிலாக வெட்டுங்கள். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' ஏறக்குறைய 4,000 வரி, 'மேக்பெத்' அதில் பாதிதான். அதைக்கூட ஒரு வகுப்பால் முழுசாக நடிக்க முடியாது. ஐந்து பேர் குழுவுக்கு 40 முதல் 60 வரி போதும். எந்த வரியை வெட்டலாம் என்று அவர்களே சண்டை போடட்டும். ஒரு வரியை வைத்துக்கொள்ளக் காரணம் சொல்ல வேண்டுமானால் அது புரிந்தாக வேண்டுமே.

வேடம் கொடுப்பதில் நடக்கும் அநியாயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நன்றாகப் பேசும் பிள்ளைக்கு நாயகன் வேடம், கூச்சப்படும் பிள்ளைக்கு மரம் அல்லது திரை இழுக்கும் வேலை. யாருக்குப் பயிற்சி தேவையோ அவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. ஒரே பாத்திரத்தை மூவருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு சிவப்புத் துண்டு யார் தோளில் இருக்கிறதோ அவர்தான் அப்போது மேக்பெத். இது நம் வசதிக்காகக் கண்டுபிடித்த குறுக்கு வழி என்று நினைக்க வேண்டாம். பழைய கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் மூன்றே நடிகர்கள் முகமூடி மாற்றி எல்லா வேடத்தையும் நடித்தார்கள். ஷேக்ஸ்பியர் மேடையில் பெண் வேடங்களை இளம் பையன்கள் ஏற்றார்கள். அதனால் மேக்பெத்தின் மனைவி லேடி மேக்பெத்துக்குப் பெண் பிள்ளைதான் வேண்டும் என்று தேடவும் அவசியமில்லை.

மனப்பாடத்தை வற்புறுத்தினால் நாடகம் ஒப்பித்தல் போட்டியாகிவிடும். அடுத்தவர் பேசுவது காதிலேயே விழாது, தன் வரி எப்போது வரும் என்பதே கவலை. ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர்களுக்கு முழுப் பிரதி கொடுக்கும் வழக்கமே இல்லை. அவரவர் வசனமும், அதற்கு முன் மற்றவர் பேசி முடிக்கும் சில சொற்களும் மட்டும் எழுதிய தாள்தான் கைக்கு வரும். அதே போலத் தாள் தயாரித்து ஒரு காட்சியை நடத்திப் பாருங்கள். அந்தச் சொற்கள் எப்போது வருமென்று தெரியாததால், வகுப்பே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்.

திரைப்படத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டாதீர்கள். அப்புறம் எல்லாக் குழுவும் அந்த நடிகரைப் போலவே இருமும். காணொளியாக எடுத்துத் தரச் சொன்னாலும் கவனம் தேவை. வெட்டி ஒட்டி, பின்னணி இசை சேர்ப்பதிலேயே நேரம் போய்விடும்.

'ரோமியோ ஜூலியட்' முத்தத்திலும் தற்கொலையிலும் போய் நிற்கும் நாடகம். அந்தக் காட்சிகளைச் சீட்டுக் குலுக்கி யார் தலையிலும் கட்டக் கூடாது. மறுக்க வழி இருக்க வேண்டும், காரணமும் கேட்கக் கூடாது.

மதிப்பெண் விஷயம் கொஞ்சம் சிக்கல். நடிப்புத் திறமைக்கு மார்க் போட்டால், இயல்பாகவே மேடை வசப்படும் நான்கு பேர் அள்ளிக்கொண்டு போவார்கள். நான் ஒத்திகைக் குறிப்பேட்டுக்குத்தான் பெரும்பகுதி தருகிறேன். இங்கே ஏன் நிறுத்தினோம், இவன் ஏன் உட்கார்ந்திருக்கிறான், எந்தச் சொல் அப்படிச் செய்யச் சொன்னது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். "நன்றாக இருந்தது" என்றால் பூஜ்யம்.

நடித்து முடித்ததும் கைதட்டிவிட்டு அடுத்த பாடத்துக்கு ஓடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஒரே காட்சியை இரண்டு குழுவுக்குக் கொடுத்தால் பேச்சு தானாக வளரும். பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் 'ஆன்டிகனி'யில், புதைக்கக் கூடாது என்று மன்னன் தடை போட்ட பிணத்தை யாரோ புதைத்துவிட்டார்கள் என்று மன்னன் கிரியோனிடம் சொல்ல ஒரு காவலன் வருகிறான். வருவதா திரும்பிவிடுவதா என்று வழியெல்லாம் தயங்கியதைச் சொல்கிறான், நான் செய்யவில்லை, செய்தவனைப் பார்க்கவுமில்லை என்கிறான், விஷயத்துக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறான். ஒரு குழு அவனைக் கோமாளியாக்கியது, வகுப்பே சிரித்தது. அடுத்த குழுவின் காவலனாக வந்தவள் அதே வரிகளை மண்டியிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "அப்படின்னா முதல் தடவை நாம எதுக்குச் சிரிச்சோம்?"

மணி அடித்தும் அன்று யாரும் எழுந்திருக்கவில்லை.