ஆட்ஸ் ரேஷியோ 3.5 வந்தால் ஆபத்து மூன்றரை மடங்கா? லாஜிஸ்டிக் ரிக்ரெஷன், முதல் முறை செய்பவர்களுக்கு

லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்பது 'நோய் உண்டா, இல்லையா' போன்ற இரு விடைக் கேள்விக்கும் மற்ற காரணிகளுக்கும் உள்ள தொடர்பை அளக்கும் மாடல். ஆர், ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள்களில் ஒன்றைத் திறக்கவும், தரவுக் கோப்பை ஏற்றவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். மாடலை ஓட்டுவது ஒரே வரி வேலை. அதற்கு முன்னால் தரவைக் குறியிடும்போதும், வந்த எண்ணைப் பின்னால் படிக்கும்போதும்தான் ஆய்வு கெட்டுப்போகிறது.

கையோடு வைத்துக்கொள்ள ஒரு கற்பனைக் கணக்கு. ஒரே நேரத்தில் 1,000 பேரிடம் எடுத்த சர்வே. உடல் பருமன் உள்ளவர்கள் 200 பேர், அவர்களில் 120 பேருக்கு உயர் ரத்த அழுத்தம். பருமன் இல்லாத 800 பேரில் 240 பேருக்கு. இதிலிருந்து வரும் ஆட்ஸ் ரேஷியோதான் தலைப்பிலுள்ள 3.5; அது எப்படி வருகிறது என்பது படி 4-இல்.

படி 1: 0, 1 சரியாக விழுந்திருக்கிறதா?

நோய் இருந்தால் 1, இல்லையென்றால் 0. சொல்ல எளிது. ஸ்டேட்டா 0-வை 'இல்லை' என்றும், விடுபடாத மற்ற எந்த எண்ணையும் 'இருக்கிறது' என்றும் எடுத்துக்கொள்ளும். 'தெரியாது' என்பதற்கு 9 போட்டிருந்தால் அத்தனை பேரும் சத்தமில்லாமல் நோயாளிகள் ஆகிவிடுவார்கள். இன்னொன்று: விடுபட்ட மதிப்பை ஸ்டேட்டா எல்லா எண்களையும்விடப் பெரியதாக வைத்திருக்கிறது. பிஎம்ஐ 30-ம் அதற்கு மேலும் இருந்தால் பருமன் என்று மட்டும் எழுதினால், எடையே பார்க்காதவர்களும் பருமன் கணக்கில் ஏறிவிடுவார்கள். 'விடுபடாமல் இருந்தால்' என்ற நிபந்தனையைச் சேர்த்தே எழுதுங்கள்.

ஆரில் தமிழில் விடைகளைப் பதிவு செய்பவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஃபேக்டராக (வகை மாறியாக) மாற்றும்போது ஆர் அகரவரிசையில் அடுக்கி, முதல் வகையை 'நிகழவில்லை' என்று கொள்ளும். ஆங்கிலத்தில் 'நோ' முன்னால் வரும், 'யெஸ்' பின்னால் வரும், தற்செயலாகச் சரியாகிவிடும். தமிழில் 'ஆம்' முன்னால், 'இல்லை' பின்னால். ஆக, மாடல் கணிப்பது நோய் இல்லாமல் இருப்பதை. 3.5 வரவேண்டிய இடத்தில் 0.29 வரும், பருமன் ரத்த அழுத்தத்திலிருந்து காப்பதுபோல் தெரியும். லெவல்களை (வகைகளை) நீங்களே வரிசைப்படுத்துங்கள், அல்லது முதலிலேயே 0, 1 ஆக மாற்றிவிடுங்கள். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

மாடலுக்கு முன் ஒரு குறுக்கு அட்டவணை போட்டு 120, 80, 240, 560 என்ற நான்கு எண்களையும் கண்ணால் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.

படி 2: எதை உள்ளே விடுவது

ஒவ்வொரு மாறியையும் தனித்தனியாக ஓட்டி, பி-மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் நிகழ்தகவு) 0.05-க்குக் கீழே வந்ததை எல்லாம் மாடலில் திணிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. மாறிகளை மென்பொருளே சேர்த்தும் நீக்கியும் தேர்ந்தெடுக்கும் ஸ்டெப்வைஸ் பொத்தானும் அப்படித்தான். இரண்டும் வேண்டாம். எது எதைப் பாதிக்கிறது என்று காகிதத்தில் அம்புக்குறி வரையுங்கள். வயது பருமனையும் பாதிக்கிறது, ரத்த அழுத்தத்தையும் பாதிக்கிறது: அது கன்ஃபவுண்டர் (இரண்டுக்கும் பொதுவான காரணம்), உள்ளே வரட்டும். மாரடைப்புக்கும் பருமனுக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கிறீர்கள் என்றால் ரத்த அழுத்தம் நடுவழியில் இருக்கிறது. அதைச் சேர்த்தால் பருமனின் மொத்த விளைவில் ஒரு பகுதியை நீங்களே வெட்டி எறிகிறீர்கள்.

நம் கணக்கில் 'ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாரா' என்பது நோயின் விளைவு. அதைச் சேர்த்துப் பாருங்கள்: மாத்திரை சாப்பிடும் எல்லோருக்கும் நோய் இருக்கும். ஆர், கணித்த நிகழ்தகவுகள் 0 அல்லது 1 ஆகிவிட்டதாக எச்சரிக்கும். ஆட்ஸ் ரேஷியோ கோடிக்கணக்கில் ஏறும். ஸ்டேட்டாவோ அந்த மாறியையும் அந்த ஆட்களையும் நீக்கிவிட்டு ஒரு குறிப்பு மட்டும் போடும். இதுவே பொருத்தமான மாறியில், ஒரு வகையில் ஆட்கள் மிகக் குறைவாக இருப்பதால் வந்தால், இப்படி மிகையாக ஏறும் எண்ணைக் கட்டுப்படுத்தும், 1993-இல் வந்த ஃபர்த் முறையைப் பயன்படுத்தலாம்.

வயதை 'நாற்பதுக்குக் கீழ், மேல்' என்று வெட்டாதீர்கள். ஆண்டுகளாகவே விடுங்கள். மாடல் தரும் கெழு (ஆட்ஸ் ரேஷியோவின் லாக்) ஓர் ஆண்டுக்கு 0.05 என்றால், பத்தால் பெருக்கி அடுக்கேற்றினால் (e-இன் அடுக்காக வைத்தால்) பத்து ஆண்டுக்கு ஆட்ஸ் ரேஷியோ 1.65. உறவு நேர்கோடாக இல்லாவிட்டால் ஸ்ப்லைன் (வளைந்து செல்லும் கோடு) போடுங்கள்.

எத்தனை மாறி தாங்கும்? ஒரு மாறிக்குக் குறைந்தது 10 நோயாளிகள் என்பது 1990-களில் பரவிய தோராய விதி. நோய் உள்ளவர், இல்லாதவர் இருவரில் எது குறைவோ அதை எண்ணுங்கள். நான்கு வகையுள்ள மாறி மூன்றாகக் கணக்கு.

படி 3: ஓட்டுவது

ஆரில் ஜிஎல்எம், ஃபேமிலி பைனாமியல். வருவது லாக் ஆட்ஸ், அடுக்கேற்றிக்கொள்ளுங்கள். ஸ்டேட்டாவில் லாஜிட் போட்டால் கெழு வரும், லாஜிஸ்டிக் போட்டால் நேராக ஆட்ஸ் ரேஷியோ வரும். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள், வகை மாறிகளில் இயல்பாகக் கடைசி வகையை ஒப்பீட்டு வகையாக வைக்கும், மாற்ற மறக்காதீர்கள்.

படி 4: எண்ணைப் படிப்பது

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆட்ஸ் என்பது நோய் உள்ளவர்களை நோய் இல்லாதவர்களால் வகுத்த எண். பருமன் உள்ளவர்களில் 120/80 = 1.5. இல்லாதவர்களில் 240/560 = 0.43. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 3.5, 95% நம்பிக்கை இடைவெளி (தரவோடு பொருந்தும் மதிப்புகளின் வரம்பு) 2.54 முதல் 4.82 வரை.

இனி சதவீதமாகப் பாருங்கள். பருமன் உள்ளவர்களில் 60%, இல்லாதவர்களில் 30%. இரண்டு மடங்குதான். '3.5 மடங்கு ஆபத்து' என்று எழுதினால் அது பிழை. நோய் அரிதாக இருந்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும்: 2%-க்கும் 1%-க்கும் ஆட்ஸ் ரேஷியோ 2.02. நோய் பரவலாக இருக்க இருக்க இந்த வித்தியாசம் பெரிதாகும். 10%-ஐத் தாண்டினால் எச்சரிக்கையாக இருங்கள் என்பது பொதுவான வழக்கு.

மடங்கைத்தான் சொல்ல வேண்டும் என்றால் ரோபஸ்ட் ஸ்டாண்டர்ட் எரருடன் (மாடலின் அனுமானம் பொருந்தாவிட்டாலும் நிற்கும் பிழை அளவோடு) பாய்சான் ரிக்ரெஷன் (எண்ணிக்கைகளுக்கான மாடல்) ஓட்டுங்கள். ஸ்டேட்டாவில் பாய்சான் கட்டளையோடு ஐஆர்ஆர் (விடையை மடங்காகக் காட்ட), ரோபஸ்ட் இரண்டையும் சேர்க்க வேண்டும். ஆரில் சாண்ட்விச் தொகுப்பு. நம் கணக்கில் 2.00 வரும், இடைவெளி 1.71 முதல் 2.34. ரோபஸ்ட்டை மறந்தால் அதே 2.00-தான் வரும், ஆனால் இடைவெளி 1.61 முதல் 2.49 என்று தேவையில்லாமல் விரியும். மைய எண் மாறாததால் தவறு கண்ணில் படாது. மடங்கை நேராகத் தரும் லாக் பைனாமியல் மாடலும் இருக்கிறது, ஆனால் அடிக்கடி கன்வெர்ஜ் ஆகாமல் (விடையை எட்டாமல்) நின்றுவிடும், தொடக்கக்காரர்களுக்கு வேண்டாம்.

இது ஒரே நேரத்தில் எடுத்த சர்வே என்பதால் வந்த 2.00-ஐப் பரவல் விகிதம் (பிரிவலன்ஸ் ரேஷியோ) என்றே எழுதுங்கள். புதிதாக நோய் வரும் ஆபத்தை இது அளக்கவில்லை.

பின்சேர்க்கை 1: நோயாளிகளையும் நோயற்றவர்களையும் தனித்தனியே தேர்ந்தெடுத்து ஒப்பிடும் கேஸ்-கன்ட்ரோல் ஆய்வுக்கும் பாய்சான் ஓட்டலாமா என்றால், கூடாது. அங்கே எத்தனை நோயாளிகள் என்பதை ஆய்வாளரே முடிவு செய்கிறார், சதவீதத்துக்குப் பொருளே இல்லை. ஆட்ஸ் ரேஷியோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: 'வயதைச் சேர்த்ததும் எண் மாறிவிட்டது, கன்ஃபவுண்டிங்தானே?' என்று முடிவு கட்டும் முன், இரண்டு மாடலிலும் ஆட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். வயது விடுபட்டவர்களை மென்பொருள் தானாகவே நீக்கிவிடும். 1,000 பேரின் எண்ணை 870 பேரின் எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கலாம். முதல் மாடலையும் அதே 870 பேரை வைத்து மறுபடி ஓட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.