கூர்நோக்கு இல்லச் சிறுவர்களுக்கு நிதி தருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழக்கில் சிக்கிய சிறார்கள் தங்கும் அரசினர் கூர்நோக்கு இல்லங்களுக்குச் சேவைச் சங்கங்களும் நிறுவனங்களும் கொடுப்பது பெரும்பாலும் ஒரே வகைப் பொருட்கள்தான்: ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம், டிவி, கேரம் போர்டு, நான்கைந்து தையல் மெஷின். கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் அவ்வளவும் இல்லத்தின் கேட்டுக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது. பையனுக்குப் பணமும் ஆள் துணையும் அதிகம் தேவைப்படுவது கேட்டைத் தாண்டிய பிறகு.

அந்த இல்லம் எதற்காக இருக்கிறது என்று தெரியாமல் திட்டம் போடுவதுதான் முதல் தவறு. கூர்நோக்கு இல்லம் தண்டனை இடமல்ல. விசாரணை நடக்கும்போது, ஜாமீன் கிடைக்காத சிறார்களைத் தங்க வைக்கும் இடம். விசாரணை முடிந்து, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் ஆணையிட்டால் அனுப்புவது சிறப்பு இல்லத்துக்கு. அங்கே அதிகபட்சம் 3 ஆண்டு. கூர்நோக்கு இல்லத்தில் இருப்பவர்களில் பலர் சில வாரங்களில் ஜாமீனில் போய்விடுவார்கள். அங்கே போய் ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினால், முதல் நாள் உட்கார்ந்த பையன்கள் கடைசி நாளில் இருக்க மாட்டார்கள்.

சில வாரங்களில் முடிக்கக்கூடிய வேலைகள் வேறு இருக்கின்றன. ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்துவது, பழைய பள்ளியிலிருந்து டிசி வாங்குவது, சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத விண்ணப்பம். அடையாளச் சான்று பெற உதவுவதை இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 53ஆம் பிரிவே இல்லங்கள் தர வேண்டிய சேவைகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் பள்ளிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் யாராவது ஒருவர் அலைய வேண்டுமே? அந்த அலைச்சலுக்கு நிதி தர எளிதில் யாரும் முன்வருவதில்லை. அதில் பெயர்ப்பலகை மாட்ட இடமில்லை.

"வெளியே வந்தால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், மாதம் 4,000 ரூபாய் தருகிறார்களே" என்று சொல்பவர்களும் உண்டு. அந்தத் தொகை உண்மைதான். குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிற்காப்புக்கு, அதாவது இல்லத்தை விட்டு வந்தவர்களுக்கான உதவிக்கு, மாதம் 4,000 ரூபாய் உண்டு; பெரும்பாலான மாநிலங்களில் செலவை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்று பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் சட்டப்படி பிற்காப்பு என்பது 18 வயது முடிந்து 21 முடியாதவர்களுக்கு. விதிவிலக்கான சூழலில் இன்னும் இரண்டு ஆண்டு நீட்டலாம். அதற்கும் குழுமத்தின் ஆணை வேண்டும். கூர்நோக்கு இல்லத்துக்கு வருபவர்களில் 16, 17 வயதுக்காரர்களே அதிகம். பதினாறரை வயதில் ஜாமீனில் வீட்டுக்குப் போகிறவன் இந்தத் திட்டத்தின் வாசலுக்கு வரவே இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. படிப்பு அறுந்து, பழைய சகவாசம் தெருமுனையில் காத்திருக்கும் காலமும் அதுதான்.

தனியார் பணம் போக வேண்டியது இந்த இடைவெளிக்கு. வெளியே வந்த முதல் மூன்று மாதச் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் செலவு. கூட வரும் அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு. வாய்தாவுக்கு வராமல் போவதற்கு இதுவே காரணமாகிவிடும். அப்புறம் வாரன்ட், மறுபடி இல்லம். டுடோரியல் கட்டணம், போன் ரீசார்ஜ், சில குடும்பங்களுக்கு வேறு பகுதியில் வீடு பார்க்க அட்வான்ஸ். எல்லாம் சில்லறைச் செலவுகள்தான். ஆனால் நேரத்துக்கு வர வேண்டும். மூன்று கையெழுத்து வாங்கி நாற்பது நாள் கழித்து வரும் 500 ரூபாயால் போன வாரத்து வாய்தாவுக்குப் போக முடியாது. தொண்டு நிறுவனத்தின் கையில் ஒரு சிறு அவசரத் தொகையை விட்டுவைத்து, பிறகு கணக்குக் கேட்பதே உத்தமம்.

நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பிரிவில் அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று உண்டு: "சம்பளத்துக்கு நாங்கள் தருவதில்லை, நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம்தான் வரம்பு." விதியைத் தப்பாகப் படித்ததால் வருவது இது. அந்த 5 சதவீத வரம்பு, நிறுவனம் தன் சிஎஸ்ஆர் பிரிவைப் பொதுவாக நடத்த ஆகும் செலவுக்கு. குறிப்பிட்ட திட்டம் ஒன்றை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. பையன் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய்வரும் சமூகப் பணியாளரின் சம்பளம் திட்டச் செலவு. இந்த வேலையில் அந்த ஆள்தான் எல்லாமே. என்னைக் கேட்டால், பத்து தையல் மெஷினுக்குப் பதில் நல்ல பணியாளர் ஒருவரின் ஒரு வருடச் சம்பளத்தைக் கொடுங்கள் என்பேன்.

தொழிற்பயிற்சி என்றதும் டிரைவிங் ஞாபகம் வருவதும் வழக்கம். 17 வயதுக்காரனுக்குக் கார் லைசென்ஸ் கிடைக்காது. வாடகை வண்டி, சரக்கு வண்டி ஓட்ட 20 வயது ஆக வேண்டும். 18 நிரம்பாதவர்களை ஆபத்தான தொழில்களில் வேலைக்கு வைக்கவும் சட்டம் தடை செய்கிறது. வயதைப் பார்த்து, ஐடிஐ மாதிரி சான்றிதழ் தரும் இடத்தில் சேர்த்துவிடுவது மேல். பெண் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் பயிற்சித் திட்டங்களில் அவர்களை மறந்தே போகிறார்கள்.

போட்டோ எடுத்து வெளியிடுவது வெறும் நாகரிகப் பிரச்சினை இல்லை, குற்றம். சிறாரின் அடையாளம் தெரியும்படி பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகத்தில் வெளியிடக்கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம்வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். முகத்தை மறைத்துவிட்டு ஊர்ப் பெயரையும் வழக்கையும் போட்டால் தெருவில் உள்ள எல்லோருக்கும் புரிந்துவிடும். உதவி விண்ணப்பத்தோடு எஃப்ஐஆர் நகல் கேட்பதும் வேண்டாத வேலை. முடிந்துபோன வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் வெளிப்படுத்தக்கூடாது என்று அதே பிரிவு சொல்லும்போது, நன்கொடையாளருக்கு அது எதற்கு?

பையன் மறுபடி ஒரு வழக்கில் மாட்டினால் உடனே உதவியை நிறுத்துவதும் நடக்கிறது. அறிக்கையில் எண்ணிக்கை கெட்டுவிடும் என்ற பயம். திரும்ப மாட்டினானா இல்லையா என்பதை மட்டும் எண்ணினால், பணியாளர்கள் சுலபமான பையன்களாகத் தேர்ந்தெடுக்கத் தொடங்குவார்கள். பள்ளிக்குத் திரும்பினானா, வாய்தாவுக்கு ஒழுங்காகப் போனானா, ஆறு மாதம் கழித்தும் நாம் போன் செய்தால் எடுக்கிறானா என்பதையும் எண்ணுங்கள்.

ஏன் கடைசியில் எல்லாம் மெஷினாகவே வந்து சேர்கிறது என்றால், மார்ச் 31 நெருக்கடி ஒரு பெரிய காரணம். பிப்ரவரியில் மீதிப் பணம் தெரியும், மார்ச்சுக்குள் பில் வேண்டும், உடனே பில் தருவது கடைதான். இந்த அவசரம் தேவையே இல்லை. கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் தொடர் திட்டம் என்று ஒன்று உண்டு: தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுவரை நடத்தலாம். செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கலாம். ஓராண்டுத் திட்டமாகத் தொடங்கியதைக்கூட, தக்க காரணம் காட்டி இயக்குநர் குழு நீட்டிக்கலாம். அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள்.