களிமண் தோட்டத்தில் சம்பங்கிக் கிழங்கு நடும் முறை

டியூலிப் கிழங்கு வாங்கி நட்டால் நம் பக்கம் பூக்குமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அந்தக் கிழங்குக்கு 12 முதல் 16 வாரம் வரை 9 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். ஸ்ரீநகரில் பனிக்காலம் அதைக் கொடுத்துவிடும். தஞ்சாவூரில் மார்கழி விடியற்காலையில்கூடக் கிடைக்காது. கிழங்கிலிருந்து வெள்ளைப் பூ, அதுவும் வாசனையோடு வேண்டுமென்றால் நிலச்சம்பங்கி போடுங்கள். நம் வெயிலுக்கு ஏற்ற பூ அது.

ஒற்றை, அடுக்கு என்று இரண்டு வகை உண்டு. முதல்முறை நடுபவர்கள் ஒற்றையே வாங்குங்கள். வாசனை அதில்தான் அதிகம், மாலை கட்டவும் அதுதான் தோது. பிரஜ்வல் ரகம் கிடைத்தால் நல்லது. மொட்டில் லேசாக இளஞ்சிவப்பு தெரியும், விரிந்தால் வெள்ளை. கிழங்கு 25 முதல் 30 கிராம் எடையில், அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். புதிதாகத் தோண்டிய கிழங்கென்றால் ஒரு மாதம் நிழலில் காய வைத்துவிட்டு நடுங்கள்.

இப்போது பாத்தி. இதில்தான் நான் முதல் வருடம் தவறினேன். புரட்டாசிக் கடைசியில், தரை மட்டத்திலேயே நாற்பது கிழங்கு நட்டேன். ஐப்பசி மழையில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. தோண்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் கொழகொழவென்று அழுகிக் கிடந்தது. நம் களிமண் தண்ணீரை விடாது. அதனால் பாத்தியை ஒரு அடி உயரத்துக்கு மேடாக்குங்கள், அகலம் மூன்றடி போதும். மண் பாதி, மணல் கால், மக்கிய தொழு உரம் கால் என்று கலந்து, நடும் குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு போடுங்கள். அது வேரைத் தாக்கும் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும். கத்தரி, தக்காளி, வெண்டை வேரிலும் இந்தப் புழு இருக்கும் என்பதால் அவை இருந்த இடத்தைத் தவிருங்கள். நாள் முழுக்க வெயில் படும் இடமாகப் பாருங்கள்.

நடுவதற்கு ஆனி, ஆடி சரியான காலம். மழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. இடைவெளி விட்டு, முளை மேலே பார்க்க, இரண்டரை செ.மீ. ஆழத்தில் வையுங்கள். நட்டதும் ஒரு தண்ணீர். அப்புறம் முளை தெரியும்வரை மண் காய்ந்தால் மட்டும் விடுங்கள். இலை வந்தபின் வாரம் ஒருமுறை போதும். அடைமழையில் பாத்தி ஓரத்து வாய்க்காலைத் திறந்து வைக்க மறக்காதீர்கள்.

மூன்று, நான்கு மாதத்தில் பூத்தண்டு கிளம்பும். பூ கீழிருந்து மேலாக விரியும். மாலைக்கென்றால் விடியும் முன் உதிரியாகப் பறியுங்கள். ஜாடியில் வைக்க, அடியில் இரண்டு பூ விரிந்ததும் தண்டோடு வெட்டுங்கள். வாசலுக்குப் பக்கத்தில் நட்டால் ராத்திரி வீடு முழுக்க மணக்கும், எனக்கு மிகவும் பிடித்தது அந்த நேரம்தான்.

ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். அடுத்தடுத்த தண்டுகள் பக்கக் கிழங்குகளிலிருந்து வருபவை. அவை நெருங்கி மூன்றாம் வருடம் பூ குறையும். அப்போது தண்ணீரை நிறுத்தி, இலை மஞ்சளானதும் தோண்டிப் பிரியுங்கள். பெரியவற்றை நடவுக்கு வையுங்கள், பொடிக்கிழங்குகளைத் தனிப் பாத்தியில் போட்டுப் பெரிதாக விடுங்கள்.